சம்பளத்துல 18,000 குறைஞ்ச கேஸ்: சந்தேகத்துல எவ்வளவு அவர்ட, எவ்வளவு எங்கட

இது ஒரே ஒரு வீட்டுக் கதை இல்ல. கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்த சில குடும்பங்கள்ட விசயத்த ஒண்டாச் சேர்த்து, வேலை, பிள்ளைகள்ட வயசு, இடம் எல்லாம் மாத்தித்தான் எழுதுறன். ட்ரிங்கோ (திருகோணமலை) சின்ன ஊர், மத்திய வீதியில ஒருத்தர் தும்மினா உப்புவெளியில இருந்து "நூறு வயசு" எண்டு சத்தம் வரும், அதால இது இன்னாராத்தான் இருக்கும் எண்டு தேடிக்கொண்டு போக வேணாம், ஆள் கிடைக்காது.

அவவ டீச்சர் எண்டே சொல்லுவம். நாப்பது தாண்டின ஆள், மனுசன் ஒரு அரசாங்கக் கந்தோர்ல கிளார்க், பதினாலு வயசில ஒரு மகள், அதுக்குக் கீழ ஒரு பெடியன். என்னட்ட வந்தது மனுசனப் பத்திக் கதைக்க இல்ல, தலையிடிக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும். கிளினிக்ல ஈசிஜி எடுத்து, பிரசர் பார்த்து, ரத்தம் பார்த்து எல்லாம் நல்லம் எண்ட பிறகு டொக்டர்தான் "மனசில ஏதும் கிடக்குதோ தெரியா, உளவளத்துணைக்காரரோட ஒருக்கா கதையுங்கோ" எண்டு அனுப்பினவர். எங்கட பக்கம் இது வழமைதான், மனசு நோகுது எண்டு யாரும் வாறேல்ல, தலை நோகுது வயிறு எரியுது எண்டுதான் வாறது.

கொஞ்ச நேரம் பள்ளிக்கூடம், பேப்பர் திருத்துறது, மகள்ட ரியூசன் எண்டு கதைச்சிட்டு கதிரையக் கிட்ட இழுத்துக்கொண்டு சொன்னா, "மிஸ், அவர் காசு ஒளிக்கிறார்."

எப்பிடி எண்டு கேட்டன். அதுக்குப் பிறகு வந்தத நான் அப்பிடியே எழுதி வச்சிருக்கிறன், ஏனெண்டா இந்தக் கேஸ் முழுக்க அதிலதான் இருக்கு. அவர் கந்தோர்ல சீட்டுக் கட்டுறாராம். அங்க ஒரு மேடம் பிடிக்கிற சீட்டு, பத்தாம் திகதி காசு குடுக்கோணும். அவர் கழிவுக்கு, அதாவது கொஞ்சக் காச விட்டுக்குடுத்து முந்தி, எடுக்க மாட்டார், கடைசியாத்தான் எடுப்பார், அப்பதான் முழுக் காசும் வரும். எடுத்த காச தங்கச்சிக்குக் குடுப்பார். குடுத்தத எழுதி வச்சிருக்கிற துண்ட பழைய சேட்டு ஒண்டுக்குள்ள மடிச்சு வச்சிருப்பார், அந்தச் சேட்ட யாரும் எடுக்க மாட்டாங்க எண்டு அவருக்குத் தெரியும்.

மூச்சு விடாமச் சொன்னா. கந்தோர்ல யாராவது சொன்னவங்களா? இல்ல. துண்டக் கண்டீங்களா? இல்ல. தங்கச்சி ஏதும் சொன்னவவா? இல்ல. பிறகு எப்பிடி? "தெரியும் மிஸ். ஆக்கள் அப்பிடித்தானே செய்யிறது."

உண்மையில அவட கையில இருந்தது ஒரே ஒரு விசயம். அவர்ட சம்பளம் பாங்குக்கு வாற எஸ்எம்எஸ்ஸ அவ பார்க்கிறவ, சில மாசமா அதுல 18,000 ரூபா குறைவா வருது. கேட்டதுக்கு அவர் "ஏதோ பிடிக்கிறாங்க, வாற மாசம் சரியாகிடும்" எண்டு சொல்லி இருக்கிறார், சரியாகேல்ல. இது சின்ன விசயம் இல்ல, 2022க்குப் பிறகு ஒரு அரசாங்கச் சம்பளத்துல 18,000 குறைஞ்சா வீட்டுல அடுப்பு தடுமாறும், அந்த வருசம் செப்டம்பர்ல விலைவாசி முந்தின வருசத்த விட கிட்டத்தட்ட 70 சதவீதம் ஏறின நாடு இது. ஆனா 18,000 குறையுது எண்டதுக்கும் பத்தாம் திகதி, கழிவு, தங்கச்சி, பழைய சேட்டு எண்டதுக்கும் நடுவுல பெரிய கடல் இருக்கு. ஆதாரம் ஒரு வரி, விவரம் ஒரு பக்கம். இப்பிடி ஒரு சந்தேகம் வந்தா நான் முதல்ல கேக்கிறது அது உண்மையா பொய்யா எண்டு இல்ல, இவ்வளவு விவரமும் எங்க இருந்து வந்தது எண்டுதான்.

வந்த இடம் தற்செயலாத்தான் தெரிஞ்சது. படபடப்பு எந்த நேரம் வருது எண்டு பார்க்க, மாசச் செலவ எழுதிக்கொண்டு வரச் சொல்லி இருந்தன், கணக்கு வாத்திமார் மாதிரி கோடெல்லாம் போட்டு நேர்த்தியா எழுதிக்கொண்டு வந்தா. அதுல அவட சம்பளத்துல 10,000 எங்கயும் போய்ச் சேரேல்ல. கேட்டன். "அது சீட்டுக்கு" எண்டா, கறிவேப்பிலை வாங்கினத சொல்ற மாதிரி. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல ஒரு அக்கா பிடிக்கிற சீட்டு, 20 பேர், ஆளுக்கு 10,000, பத்தாம் திகதி குடுக்கோணும். மனுசனுக்குத் தெரியுமா? "அவருக்கு எதுக்கு அதெல்லாம்." எப்ப எடுக்கிற பிளான்? "கடைசியா. கழிவுக்கு எடுத்தா நட்டம்தானே மிஸ்."

பிறகு ஒரு நாள் மிச்சமும் வந்தது. கழுத்துல கிடந்த சங்கிலிய அடகு வச்சு தம்பி கத்தாருக்குப் போக ஏஜென்சிக் காசு குடுத்திருக்கிறா. வீட்டுல சொன்னது, கொழுக்கி இளகிப் போச்சு, திருத்தக் குடுத்திருக்கு எண்டு. அடகு ரசீது எங்க? அலுமாரியில, ஒரு பழைய புடவைக்குள்ள மடிச்சு.

நான் ஒண்டும் சொல்லேல்ல. அவவும் ஒண்டும் கவனிக்கேல்ல. இத வாசிக்கிற உங்களுக்கு இப்ப பளிச்செண்டு தெரியுது, தங்கச்சி இருக்கிற இடத்துல தம்பி, சேட்டு இருக்கிற இடத்துல புடவை, ஆனா அவவுக்கு இந்த ரெண்டு கதையும் ரெண்டு வேற அலுமாரியில கிடந்தது. அவ நடிக்கிறாவா எண்டு கேட்டா, இல்ல, நூறு வீதம் இல்ல. தெரிஞ்சு மற்றவன்ல பழி போடுறது வேற, அது களவு. இதுல ஆளுக்கே தெரியாது.

தனக்குள்ள கிடக்கிறத தனக்கே தெரியாம மற்றவர்ல காணுற இந்த விசயத்துக்கு உளவியல்ல புரொஜெக்சன் எண்டு பேர். உளப்பகுப்பாய்வத் தொடக்கின பிராய்ட் இத முதல் முதல்ல எழுதினது 1895 ஜனவரியில, பெர்லின்ல இருந்த தன்ட சிநேகிதர் பிளீஸுக்கு அனுப்பின ஒரு குறிப்புல. அதுல முப்பது வயசளவுல கலியாணம் முடிக்காத ஒரு பொம்பிளை, வீட்டுல அறை எடுத்திருந்த ஒரு ஆளோட நடந்த ஒரு சங்கடமான சம்பவம், அத அவ கதைக்கவும் மாட்டா நினைக்கவும் மாட்டா, ஆனா அக்கம்பக்கத்து ஆக்கள் தன்னையும் அந்த ஆளையும் வச்சுக் கதைக்கிறாங்க எண்டு நம்பிக்கொண்டிருக்கிறா. பிராய்ட் சொன்னது, குற்றச்சாட்டு அப்பிடியேதான் இருக்கு, ஒரு சொல்லும் மாறேல்ல, உள்ளுக்கு இருந்து வர வேண்டியது வெளியில இருந்து வருது, அவ்வளவுதான். டீச்சர்ட கேஸும் அதேதான், சொல்லு மாறேல்ல, திகதி கூட மாறேல்ல.

ஆனா பிராய்ட் சொன்னதுக்காக அப்பிடியே விழுங்கேலாது. 1997ல நியூமன், டஃப், பௌமைஸ்டர் எண்ட மூண்டு உளவியலாளர் இத பரிசோதனையாச் செய்து பார்த்தவங்க. ஆக்களுக்கு அவங்களப் பத்தி ஒரு கூடாத குணத்த சொல்லி, அத நினைக்காம இருங்கோ எண்டு சொல்லிற்று, பிறகு வேற ஒரு ஆள மதிப்பிடச் சொன்னா, அமத்தி வச்ச அந்தக் குணத்தத்தான் அந்த ஆள்ல கூடுதலாக் காணுறாங்க. விளக்கமும் சாதாரணமானதுதான், ஒண்ட நினைக்கக் கூடாது எண்டு மூளை காவல் இருக்கேக்க அதுதான் எப்பவும் வாசலடியில நிக்கும், எதப் பார்த்தாலும் முதல்ல அதுதான் ஞாபகத்துக்கு வரும். அதே பௌமைஸ்டரும் வேற ரெண்டு பேரும் 1998ல இருந்த ஆய்வுகள் எல்லாத்தையும் திரட்டிப் பார்த்து சொன்னது இன்னொண்டு: ஆக்கள் தங்கட குணத்த மற்றவங்கள்ல காணுறது உண்மை, ஆனா அப்பிடிக் கண்டதால தன்ட குற்ற உணர்ச்சி குறையுது, மனசு பாதுகாப்பாகுது எண்டதுக்குப் பெரிசா ஆதாரம் இல்ல. டீச்சர்லயும் நான் கண்டது அதுதான். மனுசனச் சந்தேகப்பட்டு அவவுக்கு ஒரு நிம்மதியும் வரேல்ல, நெஞ்சுப் படபடப்புத்தான் வந்தது.

"ஆக்கள் அப்பிடித்தானே செய்யிறது" எண்டாவே, அதையும் விட்டுடக் கூடாது. 1977ல லீ ராஸ் எண்ட உளவியலாளரும் கூட இருந்தவங்களும் பல்கலைக்கழகப் பெடியள்ட்ட ஒரு விளம்பரப் பலகைய மாட்டிக்கொண்டு வளாகத்தச் சுத்தி வருவீங்களா எண்டு கேட்டவங்க. ஓம் எண்டவங்கள் பெரும்பாலான ஆக்கள் ஓம் எண்டுதான் சொல்லுவாங்க எண்டு நினைச்சாங்க, இல்ல எண்டவங்கள் பெரும்பாலான ஆக்கள் இல்ல எண்டுதான் சொல்லுவாங்க எண்டு நினைச்சாங்க. இதுல குற்ற உணர்ச்சி, அமத்தி வைக்கிறது ஒண்டுமே இல்ல, மனுசருக்கு அளவுகோல் எண்டு கையில கிடக்கிறது தான் ஒருத்தர்தான். டீச்சர்ட சந்தேகத்துல பாதி இது, மிச்சம்தான் ஆழமானது எண்டு நான் நினைக்கிறன், சரியாப் பிரிச்சுச் சொல்லேலாது.

ஆழமானது எண்டது அவட அம்மா. அப்பா குடி. அம்மா மல்லித்தூள் போத்தலுக்குள்ள ஒரு பொலித்தீன்ல சுத்தி காசு வச்சிருப்பா, மேல தூள், கீழ காசு. 1990ல இடம்பெயர்ந்து போகேக்க அம்மா கையில எடுத்தது பிள்ளைகளையும் அந்தப் போத்தலையும்தானாம், கொஞ்ச நாள் சாப்பிட்டது அந்தக் காசுல. பத்து வயசுல இதப் பார்த்த பிள்ளைக்கு, பொம்பிளை மனுசனுக்குத் தெரியாம காசு வைக்கிறது களவே இல்ல, அது தாய்ப்பாசம். அதே வேலைய ஆம்பிளை செய்தா அது அப்பா செய்தது, குடி, துரோகம். தான் செய்யிறது அம்மாட வேலை, அவர் செய்யிறது அப்பாட வேலை எண்டு உள்ளுக்கு ஒரு கணக்கு இருந்தா ரெண்டும் ஒண்டுதான் எண்டு எப்பிடித் தெரியும்?

இத எல்லாத்துக்கும் முதல் பார்த்தது

சந்தேகம் எண்டு வந்த உடன புரொஜெக்சன் எண்டு முத்திரை குத்துறது ஆபத்தான வேலை, அதால இத அழுத்திச் சொல்றன். முதல்ல பார்த்தது இது நோயா எண்டு. எந்த ஆதாரத்தக் காட்டினாலும் அசையாத நம்பிக்கை, பின்னால போறது, மணித்தியாலக் கணக்கா விசாரிக்கிறது, கை நீட்டுறது, இதுல ஒண்டு இருந்தாலும் என்ட மேசையில வச்சிருக்க மாட்டன், மனநல வைத்தியர்ட்ட அனுப்பிடுவன் (எங்க போறது எண்டு தெரியாட்டி 1926க்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின்ட இலக்கம்). டீச்சர்ட்ட அது இல்ல, "நான் பிழையா நினைக்கிறன் போல" எண்டு இடைக்கிட அவவே சொல்லுவா.

ரெண்டாவது, அவர் உண்மையிலயே ஏமாத்துறாரா எண்டு. எத்தினையோ வீட்டுல மனுசிக்குத் தெரிஞ்ச உண்மைய "உனக்குச் சந்தேக வியாதி" எண்டு சொல்லி அடக்கி வச்சிருக்கிறாங்க, அடியும் உதையும் இருந்தா அது உளவியல் கேள்வியே இல்ல, 1938க்கு, பெண்களுக்கான உதவி இலக்கத்துக்கு, எடுக்கிற கேள்வி. இங்க பயம் இல்ல, அடி இல்ல. ஆனா 18,000 உண்மையிலயே குறைஞ்சது.

அத அவரோட தனியக் கதைச்சபோது சொன்னார், முதல்ல தரையப் பார்த்துக்கொண்டுதான். சிநேகிதன் ஒருத்தர்ட லோனுக்கு பிணைக் கையெழுத்து வச்சிருக்கிறார். சிநேகிதன் வெளிநாடு போய் கட்டாம விட்டிட்டார், பாங்க் பிணை வச்சவங்கள்ட சம்பளத்துல பிடிக்குது. "அவவுக்குச் சொன்னா தாங்க மாட்டா மிஸ், அதான்." சீட்டும் இல்ல மேடமும் இல்ல, தங்கச்சிக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா ஒளிச்சது உண்மை.

டீச்சர்ட நம்பிக்கைக்கு நான் மரியாதை குடுக்கிறது இதுக்குத்தான். 1922ல பொறாமை பத்தி எழுதேக்க பிராய்டே சொல்லி இருக்கிறார், இந்த ஆக்கள் வெறும் வெளியில எறியிறதில்ல, ஏற்கனவே ஏதோ கிடக்கிற இடத்துலதான் எறியிறாங்க எண்டு. மனுசன் எதையோ மறைக்கிறார் எண்டத அவ சரியாத்தான் பிடிச்சவ. என்னத்த மறைக்கிறார் எண்டதுதான் முழுக்க அவட சரக்கு.

ஒரு பேப்பர்

"இது உங்கட மனசுல இருக்கிறத அவர்ல பார்க்கிறீங்க" எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்ல. அது சரியா இருந்தாலும் கேக்கிற ஆளுக்கு "கள்ளி" எண்டுதான் காதுல விழும். பேப்பர் ஒண்ட நடுவால மடிச்சுக் குடுத்து, இந்தப் பக்கம் கண்ணால கண்டது, அந்தப் பக்கம் நினைச்சது, ரெண்டையும் எழுதுங்கோ எண்டன். இடப்பக்கம் ஒரு வரி எழுதினா. வலப்பக்கம் எழுதி முடிச்சு, இடம் காணாம பின்பக்கமும் திருப்பி எழுதினா. எழுதி முடிச்சு பேனையால இடப்பக்கத்த தட்டிக்கொண்டே இருந்தா, இன்னொரு வரி வரும் வரும் எண்டு பார்த்த மாதிரி.

பிறகு நான் கேட்டது ஒண்டுதான், "சீட்டுக்காரர் கடைசியாத்தான் எடுப்பினம் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் டீச்சர்?"

முகம் சிவந்து போச்சு. "அப்ப நானும் அவரும் ஒண்டு எண்டுறீங்களா? அது வேற, இது வேற" எண்டு சொல்லிற்று பையத் தூக்கிக்கொண்டு போயிட்டா. கொஞ்ச நாள் வரேல்ல. இந்த இடத்துல "அவவுக்கு எல்லாம் வெளிச்சமாச்சு" எண்டு எழுதினா வாசிக்க நல்லா இருக்கும், அப்பிடி ஒண்டும் நடக்கேல்ல, ஆள் கோபத்துல போனதுதான்.

திரும்பி வந்தது மகளால. ஒரு இரவு வழக்கம் போல "உங்கட அப்பா என்னத்தயோ மறைக்கிறார்" எண்டு மகளுக்குச் சொல்லி இருக்கிறா, பிள்ளை கொப்பிய மூடிற்றுச் சொன்னதாம், "அம்மா, நீங்க இதச் சொல்ற நேரமெல்லாம் அலுமாரித் திறப்ப கையில வச்சுக்கொண்டுதான் சொல்றீங்க." பார்த்தா உண்மையிலயே கையில திறப்பு, அலுமாரியப் பூட்டின கையோடதான் கதைச்சுக்கொண்டு நிண்டிருக்கிறா.

நான் படிச்சுப் படிச்சுக் கேட்ட கேள்வியால நடக்காதது ஒரு பதினாலு வயசுப் பிள்ளையால நடந்தது எனக்கு ஆச்சரியம் இல்ல. சிமீன் வசீர் எண்ட உளவியலாளர் 2010ல காட்டினது இதுதான், உள்ளுக்க பயமா பதட்டமா எண்டது அவங்கவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும், ஆனா நல்லது கெட்டது எண்டு மதிப்புப் போடுற குணங்கள் எண்டா பக்கத்துல இருக்கிற ஆக்களுக்குத்தான் கூடுதலாத் தெரியும், எங்கட மானம் அதுல மாட்டி இருக்கிறதால எங்கட கண் அங்க மட்டும் மங்கிடும். தன்ன அறியிறது எண்டா கண்ணை மூடிக்கொண்டு உள்ளுக்குப் பார்க்கிறது எண்டு நினைக்கிறாங்க. டீச்சர் வருசக்கணக்கா உள்ளுக்குப் பார்த்த ஆள்தான், தியானக் கிளாசுக்கும் போனவ. கையில இருந்த திறப்பு உள்ளுக்குள்ள தெரியேல்ல.

ரெண்டு பேரும் சொன்னது

சொன்ன இடம் என்ட அறை இல்ல. ஒரு வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போயிற்று வாற வழியில, கோட்டைக்குள்ள மரத்தடியில மோட்டார் சைக்கிள நிப்பாட்டி அவவே தொடங்கி இருக்கிறா, "இஞ்சாருங்கோ, சங்கிலி திருத்தக் குடுக்கேல்ல, அடகுல கிடக்கு." அவர் ஒண்டும் சொல்லாம நிண்டாராம். அதுக்குள்ள மான் ஒண்டு வந்து அர்ச்சனைப் பையில இருந்த வாழைப்பழத்த இழுத்து, அவ பையப் பிடிக்க அவர் மானை விரட்ட, அந்த அமளிக்குள்ள அவர் சொன்னாராம், "நான் ஒரு பிணை வச்சனான்." ட்ரிங்கோ மானுக்கு உளவளத்துணை டிப்ளோமா குடுக்கலாம்.

அதுக்குப் பிறகு சந்தோசமா இருந்தாங்க எண்டு நினைக்க வேணாம். பெரிய சண்டை. அதுவும் அவர்ட பக்கத்துல இருந்துதான் கூட. அவருக்கு சீட்டு, சங்கிலி எதுவும் பெரிசில்ல, "நான் அவவுக்காகத்தான் எல்லாத்தையும் மனசுல போட்டு வச்சனான், அவவும் அப்பிடித்தான் எண்டு நினைச்சன்" எண்டதுதான் காயம். இதுவும் புரொஜெக்சன்தான், நல்ல சட்டை போட்ட புரொஜெக்சன். லெமேயும் கிளார்க்கும் ஃபீனியும் 2007ல எழுதினது, ஒருத்தர்ல அக்கறை உள்ள ஆள், அவரும் தன்ல அதே அளவு அக்கறையா இருக்கிறார் எண்டு நம்புவார், மற்றவர் உண்மையில எவ்வளவு அக்கறை எண்டதோட தன்ட அக்கறையும் அந்த நம்பிக்கையில சேர்ந்துடும். அதால குடும்பம் நல்லா ஓடவும் செய்யும், பிழையே இல்ல. இவர்ட்ட பிழைச்சது, மனுசி நிம்மதியா இருக்கிறா எண்டு தன்ட நல்ல எண்ணத்த வச்சு முடிவெடுத்து, வருசக்கணக்கா அவட முகத்தப் பார்த்து ஒரு கேள்வி கேக்காம விட்டது. சந்தேகப்பட்ட டீச்சராவது அவரக் கவனிச்சுக்கொண்டிருந்தவ.

கொஞ்ச நாளால இன்னொரு வில்லங்கம். அவர் யூடியூப்ல வீடியோ பார்த்து "புரொஜெக்சன்" எண்ட சொல்லப் பிடிச்சிட்டார். மீன் குழம்புல உப்புக் கூட எண்டு அவ சொன்னாலும் "அது உமக்குள்ள இருக்கிற உப்பு" எண்டுறார், பகிடியாத் தொடங்கி பகிடி இல்லாமப் போச்சு. எனக்கு இந்தப் பழக்கத்துல கடும் வெறுப்பு. இந்தச் சொல்ல எதிர்ல இருக்கிற ஆளுக்கு எறிஞ்சா அதுக்குப் பதில் சொல்ல வழியே இல்ல, மறுத்தா "பார், மறுக்கிறீர்" எண்டுவாங்க. அவரக் கூப்பிட்டு அதே பேப்பரக் குடுத்தன். மனுசியப் பத்தி ஒரு குறை சொல்ல முதல் இடப்பக்கத்துல ஒரு வரியாவது எழுதுங்கோ எண்டன். பெருசா விருப்பம் இல்லாமத்தான் வாங்கிக்கொண்டு போனார்.

இப்ப நிலைமை, தலையிடி குறைஞ்சிருக்கு, நித்திரை வருது, படபடப்பு சம்பளம் வாற கிழமையில மட்டும் எட்டிப் பார்க்குது. சீட்டு ஓடுது, பத்தாம் திகதி காச அவரே கொண்டுபோய்க் குடுக்கிறார். பிணைக் காசு இன்னும் பிடிக்கிறாங்க. சங்கிலி அடகுலதான், வட்டிய ரெண்டு பேரும் சேர்ந்து கட்டுறாங்க. தம்பி கத்தாருக்குப் போய் ரெண்டு மாசம் காசு அனுப்பினவர், பிறகு நிண்டு போச்சு. கடைசியா வந்தபோது டீச்சர் சொன்னா, தம்பிட மனுசிதான் காசப் பதுக்குறாவாம். நான் வாய் திறக்க முதலே கையக் காட்டி நிப்பாட்டினா. "பார்த்ததா நினைச்சதா எண்டுதானே கேக்கப் போறீங்க? பார்த்தது மிஸ். புது பிரிட்ஜ். ரெண்டு கதவு."